ஊரப்பாக்கத்துக் கரண்ட்

நியூஜெர்சி
14 ஜனவரி 1990

அண்ணா,

பொங்கல் வாழ்த்து அட்டை வந்தால் நீ பிரிப்பதே இல்லை என்று அண்ணி ஒருமுறை எழுதியிருந்தாள். அதனால்தான் உறையின் மேலேயே "இது வாழ்த்து அல்ல" என்று எழுதினேன். பிரித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. வெறும் இருமல் என்றுதான் நினைத்திருந்தோம். இனிமேல் குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். சுவரில் செருகினால் அறையில் இருக்கும் காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. பகலில் கொஞ்ச நேரம் அது இல்லாமல் சமாளிக்கிறார். படுத்தால் அது வேண்டும்.

இவருக்கு ஊருக்கே வந்துவிட வேண்டுமாம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கே போய்த்தான் நிற்கிறார். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாத்தியார் குடும்பம் அடுத்த மாதம் காலி செய்கிறது. அங்கே போய் இருந்துவிடலாம் என்கிறார். நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மெஷின் அங்கே ஓடுமா? அதன் முதுகில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது.

உன் எதிர்வீட்டு ராஜகோபாலன் சாருக்கு ஃபோன் செய்தேன். "கூப்பிட்டுப் பார்த்தேன்மா, வரமாட்டேன்னுட்டார்" என்றார். கடிதத்துக்காவது பதில் போடு.

காந்தா


தாம்பரம் சானடோரியம்
4 பிப்ரவரி 1990

காந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கணவரின் உடல்நிலை குறித்து வருந்துகிறேன். இந்த வார்த்தையை எழுதிவிட்டு, அது உண்மைதானா என்று யோசித்தேன். உன்னை நினைத்து வருந்துகிறேன். அது உண்மை.

கேள்விக்குப் பதில்: ஓடாது.

காரணம் சொல்கிறேன். வோல்ட் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே நூற்றிருபது, இங்கே இருநூற்று முப்பது. ரிச்சி தெருவில் எலெக்ட்ரிக் கடைக்காரனிடம் சொன்னால் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருவான். ஊரில் பாதிப் பேர் அமெரிக்க மிக்சியை அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பிரச்சினை அடுத்த எண்ணில் இருக்கிறது. அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. இங்கே ஐம்பது தடவை. டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தொடாது. அறுபதுக்கென்று செய்த மோட்டாரை ஐம்பதில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் ஏறும். மிக்சியில் சட்னி கொஞ்சம் கரகரப்பாக வரும், அவ்வளவுதான். நீ சொல்லும் மெஷினில் குறைவது ஒரு மனிதனின் மூச்சு. என்றைக்காவது புகைந்தும் போகும்.

ஏன் இப்படி என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே கேட்பாய். அமெரிக்காக்காரன் முதலில் நூற்றுப்பத்தில் விளக்கேற்றினான். ஊரெல்லாம் அதற்கேற்ற பல்பு வந்த பிறகு மாற்ற மனம் வரவில்லை. ஐரோப்பாக்காரன் பின்னால் வந்தவன், வோல்ட் கூடினால் கம்பி மெல்லியதாக இருந்தாலே போதும் என்று கணக்குப் பார்த்து இருநூற்றிருபதுக்குப் போனான். நமக்கு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனது. ஆளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷமாக ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் குடும்பத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இதெல்லாம் உன் கணவருக்கும் தெரியும். என்னோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து பௌதிகம் படித்தவர்தானே. தெரிந்தும் அந்த ஊரப்பாக்கம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று என்ன செய்தார்? அமெரிக்காவைப் படம் காட்டுகிறேன் என்று புரொஜெக்டரைக் கொண்டுவந்து வைத்தார். "பின்னால் இருக்கும் பட்டன் நூற்றுப்பத்தில் நிற்கிறது, மாற்று" என்று சொன்னேன். கையை வீசினார். செருகினார். பல்பு வெடித்துப் புகை வந்தது. அப்புறம் அவ்வளவு சொந்தக்காரர்களையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "இன்னா மச்சான், பிசிக்ஸ் வாத்தியாரு ஊர்ல ஒரு பல்பு நேரா எரியல. பசங்களுக்கு இன்னாத்த பாடம் நடத்திக்கினு கீற?" எல்லோரும் சிரித்தார்கள். என் மாணவர்கள் இரண்டு பேர் பந்தியில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

அன்று இலையிலிருந்து எழுந்து வந்தவன்தான். அவர் என் வாசற்படியை மிதிக்கக்கூடாது, நான் அவர் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி நடந்திருக்கிறேன்.

மெஷின் ஓடாது. அங்கேயே நல்ல வைத்தியம் இருக்கிறது.

ஏகநாதன்


நியூஜெர்சி
11 மார்ச் 1990

அண்ணா,

பதில் போட்டாயே, அதுவே போதும் என்று முதலில் நினைத்தேன். பிறகு இரண்டாம் தடவை படித்தேன்.

கடிதத்தை இவரிடம் மறைக்கலாம் என்று பார்த்தேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். "படி, படி, வாத்தியார் இன்னா எழுதிக்கிறான்?" என்று உட்கார்ந்துகொண்டார். புரொஜெக்டர் இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, மூக்குக் குழாயை மாட்டிவிட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் சொன்னது: "அந்த பட்டனப் பத்தி மெய்யாலுமே சொன்னான். நான்தான் கேக்கல." என்னிடம் சொன்னார். உன்னிடம் சொல்லமாட்டார், அது உனக்கும் தெரியும்.

மெஷின் கம்பெனியைக் கேட்டேன். நீ சொன்னதையேதான் அவர்களும் சொன்னார்கள், நீ சொன்ன அளவுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவில் விற்பதற்கென்று இதே மெஷினை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் செய்கிறார்களாம். வரவழைத்துத் தருகிறார்கள். ஆக, நீ சொன்ன இரண்டு எண்ணும் சரியாகிவிட்டது. இனி ஓடும் அல்லவா?

"சரி, எழுதிக் கேளு" என்கிறார். இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "வோல்டேஜு வராதுன்னு சொல்றானா, என்னிய வராதேன்னு சொல்றானா? அத மட்டும் தெளிவா எழுதச் சொல்லு."

காந்தா


தாம்பரம் சானடோரியம்
15 ஏப்ரல் 1990

காந்தாவுக்கு,

கல்லூரியில் தேர்வு வேலை. என்னிடம் படித்தவனைத் துறைத் தலைவராக்கியிருக்கிறார்கள். எனக்கு எந்த அறையில் மேற்பார்வை என்று அவன்தான் இப்போது சீட்டு அனுப்புகிறான். அதனால் பதில் தாமதம்.

நீ சொல்லும் மெஷின் காகிதத்தில் ஓடும். ஊரப்பாக்கத்தில் ஓடுமா என்பதை யூகித்து எழுத எனக்கு விருப்பமில்லை. அதனால் வயரிங் வேலை செய்யும் அரிகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். வாடகைக்கு இருந்த வாத்தியார் காலி செய்துவிட்டுச் சாவியை உன் அண்ணி தையல்நாயகியிடம் கொடுத்துப் போயிருந்தார்.

நான் கேட்டுக்கு வெளியேதான் நின்றேன். சொன்ன சொல் இருக்கிறது. அரிகிருஷ்ணன் உள்ளே போய்ப் படுக்கையறைப் பிளக்கில் மீட்டரை வைத்து எண்ணை உரக்கச் சொல்ல, நான் தெருவில் நின்று எழுதிக்கொண்டேன். மத்தியானம் "இருநூத்திப் பத்து சார்!" என்றான். தெருவிளக்கு போட்டதும் "நூத்தித் தொண்ணூறு!" பிறகு "நூத்தி எழுவது!" அப்புறம் "நூத்தி அம்பத்தஞ்சு சார், எறங்குது!" பக்கத்து வீட்டு முனியம்மா வெளியே வந்து, "இன்னா சார், வூட்ட ஏலம் வுடறீங்களா? வெல எறங்கினே போவுதே" என்றாள். நான்கு பேர் கூடிவிட்டார்கள். உன் கணவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

அந்தத் தெரு பழைய வயல் லைனில் தொங்குகிறது. அந்தக் காலத்துப் பம்புசெட்டுகளுக்குப் போட்டது. இப்போது வயலெல்லாம் பிளாட். வீடு முளைத்த அளவுக்குக் கம்பி தடிக்கவில்லை. உங்கள் வீடு கடைசிக் கம்பத்தில். "சார், இந்த வூட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள கரண்டுக்கே மூச்சு வாங்குது" என்றான் அரிகிருஷ்ணன். நோயாளி பற்றி அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

ஸ்டெபிலைசர் வைத்தாலும் இவ்வளவு இறக்கத்தைத் தூக்காது. அதோடு தினமும் கரண்ட் கட். கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் போனால் இரண்டு நாள் வராது. ஜெனரேட்டர் வைக்கலாம். அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? புகையை யார் சுவாசிப்பார்கள்?

நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறேன். ஊரப்பாக்கத்தில் முடியாது.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தீர்கள். வோல்ட்மீட்டரால் அளக்க முடிந்ததற்குத்தான் நான் பதில் சொல்ல முடியும்.

ஏகநாதன்


நியூஜெர்சி
20 மே 1990

அண்ணா,

நீ கேட்டுக்கு வெளியே நின்று எழுதிக்கொண்டாய் என்று படித்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருட்டும்வரை நின்றிருக்கிறாய். முட்டி வலியோடு.

இவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். குழாயை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சண்டை போடாமல் சரி சொல்கிற மனிதர் இல்லையே இவர்.

அப்புறம்தான் லோகு அக்காவின் கடிதம் வந்தது. பெரியம்மா மகளாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் போடுவாள், அதில் ஊர்க்கதை எல்லாம் இருக்கும். பெருங்களத்தூரில் புழுக்கம் தாங்காமல் உன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்தாளாமே. அவள் எழுதியிருப்பது இது: "தாம்பரம் மொத்தமும் இருட்டு. ஏகநாதன் வூட்ல மட்டும் ஃபேன் சுத்துது. இன்னாடி தையலு மாயம்னு கேட்டேன். 'எங்குளுது ஆஸ்பத்திரி லைனு அக்கா. ஆஸ்பத்திரிக்கு நிறுத்தமாட்டாங்க, அதே கம்பில எங்க வரிசையும் கீது. கரண்ட்டு போவறதே இல்ல'ன்னா. நானும் நல்லாத் தூங்கினேன்."

அண்ணா, நீ பொய் எழுதவில்லை. மூன்று மாதமாக ஒரு பொய்கூட எழுதவில்லை. நூற்றைம்பத்தைந்து என்றால் அது நூற்றைம்பத்தைந்துதான். ஆனால் எந்த விளக்கின் கீழே உட்கார்ந்து அதை எழுதினாய்?

காந்தா


தாம்பரம் சானடோரியம்
17 ஜூன் 1990

காந்தா,

லோகு வந்தால் தூங்கிவிட்டுப் போகவேண்டும். கடிதம் எழுதக்கூடாது.

ஆமாம், ஆஸ்பத்திரி லைன்தான். எப்போதாவது ஒரு நிமிஷம் மினுங்கும், திரும்பி வந்துவிடும். இருநூற்றிருபதுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. நீ ஊரப்பாக்கத்தைப் பற்றிக் கேட்டாய். ஊரப்பாக்கத்தைப் பற்றி எழுதினேன். என் வீட்டைப் பற்றி நீயும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இது வாத்தியார் பதில் என்று சொல்வாய். சரி, வேறு பதில் எழுதுகிறேன். கல்லூரியில் அவன் கிரிக்கெட் ஆடப் போனபோது அவன் ரெக்கார்டுக்குப் படம் வரைந்து கொடுத்தவன் நான். மேல்படிப்புக்கு இரண்டு பேரும்தான் எழுதிப்போட்டோம். அவனுக்கு இடம் கிடைத்தது, போனான், உன்னையும் கூட்டிக்கொண்டு போனான். அதில் எனக்குக் குறையில்லை. இல்லை, இருக்கிறது, அது கிடக்கட்டும். அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் நான் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். நீங்கள் ஏரோகிராம் எழுதினீர்கள். அப்பா போன பிறகு வந்து, அவர் உனக்குக் கொடுத்த நிலத்தில் வீடு கட்டி, அந்த வீட்டிலேயே என்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்தான். இப்போது அவனைத் தூக்கி உட்காரவைக்கவும் நான்தானா? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. களைப்பாக இருக்கிறது காந்தா. கோபம்கூட முன்போல் வருவதில்லை. அதைப் பிடித்துவைத்துக்கொள்வதே ஒரு வேலையாகப் போய்விட்டது.

இதைத் தபாலில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான்கு நாளாக வைத்திருக்கிறேன். தையல்நாயகி கேட்டாள், "தங்கச்சிக்கு என்ன எழுதினீங்க?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ ஸ்டாம்பு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னால் வா என்று எழுத முடியவில்லை. வராதே என்றும் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

ஏகநாதன்


நியூஜெர்சி
22 ஜூலை 1990

அண்ணா,

உன் கடிதத்தை இந்த முறை இவருக்குப் படித்துக்காட்டவில்லை. நான் குளிக்கப் போனபோது அவரே எடுத்துப் படித்திருக்கிறார். மடித்து அதே இடத்தில் வைத்திருந்தார், ஆனால் மடிப்பு வேறாக இருந்தது.

செப்டம்பரில் கிளம்புகிறோம். டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டார், விமானத்தில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. ஊரப்பாக்கத்துக்குத்தான். கரண்ட் இல்லாத நேரத்துக்கு சிலிண்டர் வைத்துக்கொள்கிறோம். சிலிண்டர் எத்தனை நாள், எவ்வளவு தாங்கும் என்று நீ கணக்குப் போட்டு எழுதுவாய், தயவுசெய்து எழுதாதே. எனக்கே தெரியும்.

ஏன் வந்தே ஆகவேண்டும் என்று கேட்டுப்பார்த்தேன். "இங்க எவனும் சண்டைக்கே வரமாட்டேங்கறான் காந்தா. கதவத் தொறந்தா சிரிக்கறான், மூடிக்கினு போறான். நம்ம ஊர்ல பல்லக் கடிக்கறதுக்காவது ஆள் கீது" என்றார்.

ஐரோப்பிய மெஷின் வந்துவிட்டது. இவரோடு வேலை பார்த்த சிட்டிபாபு ஆகஸ்டில் மெட்ராஸ் வருகிறார், அவரிடம் அனுப்புகிறேன். சாவி அண்ணியிடம் இருப்பதால் பெட்டி உன் வீட்டுக்குத்தான் வரும். அரிகிருஷ்ணனை விட்டு ஊரப்பாக்கத்தில் வைக்கச் சொல். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை அண்ணா. இனிமேல் கேட்கவும் மாட்டேன்.

காந்தா


தாம்பரம் சானடோரியம்
19 ஆகஸ்ட் 1990

காந்தா,

சிட்டிபாபு பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். எத்திராஜ் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "மாடி ஏர்றதில்ல சார். கீழ் ரூம்லயே இருக்கார். போன தடவ பாத்ததுக்குப் பாதி ஆளு" என்றார். காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். நீ இதை எழுதவில்லை.

அரிகிருஷ்ணன் ஆட்டோவோடு வந்து நின்றான். "எங்க சார் எறக்கணும், ஊரப்பாக்கம்தானே?" என்றான். நானும் ஆமாம் என்றேன். ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, "வெயிட்டா கீதே சார், இன்னா மெஷினு?" என்றான். மூச்சு மெஷின் என்றேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். "அந்தக் கடேசிக் கம்பத்து வூட்டுக்கா?" என்றான். ஆட்டோக்காரன் கத்திக்கொண்டிருந்தான், "ஏறுங்க சார், பேஜாராக் கீது, டைம் ஆவுது" என்று. ஆட்டோவைக் காலியாகவே அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தேன். பிளக் ஐரோப்பாவுடையது, குச்சி இரண்டுதான், அளவும் வேறு, நம் சுவரில் இறங்காது. அறுத்துவிட்டு நம் மூன்று குச்சிப் பிளக்கை மாட்டினோம். கூடத்தை ஒட்டிய என் அறையில்தான் வைத்திருக்கிறது. புத்தகங்களை மேலே ஏற்றிவிட்டேன். ஈ.பி. மீட்டரிலிருந்து அந்த ஒரு பாயின்டுக்கென்று தனிக் கம்பி இழுத்தாயிற்று, மிக்சி, கிரைண்டர் எதுவும் அதில் சேராது. அரிகிருஷ்ணன் மீட்டரை வைத்துவிட்டு, பழக்கத்தில் தெருவுக்கே கேட்கும்படி "இருநூத்தி இருவத்தெட்டு சார்!" என்று கத்தினான்.

போட்டோம். ஓடுகிறது. எண்ணை நம்பி மனிதனைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. குழாயை என் மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து பார்த்தேன். மத்தியானம் ஊர் முழுக்க கட் ஆன நேரம். ராஜகோபாலன் வீட்டில் ரேடியோ நின்றது, அவர்கள் பக்கம் வேறு லைன். இங்கே மூக்கில் காற்று வந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் ஜில்லென்று, ரப்பர் வாசனையோடு. தையல்நாயகி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "போதும் எழுந்திருங்க, எத்திராஜ் அண்ணனுக்கு அனுப்பினத நீங்களே இழுத்துத் தீத்துடாதீங்க" என்றாள். அது தீராது, அறையில் இருக்கிற காற்றுதான் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கி நேரே இங்கே வாருங்கள். வாசலில் இரண்டு படிகள். மேல்படியில் ஏறுமுன் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு நாற்காலி போட்டிருக்கும். ஊரப்பாக்கம் வீட்டை உடல் தேறும் நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நானும் வருகிறேன்.

நான் மன்னித்துவிட்டதாக அவனிடம் சொல்லாதே. நீ பொய் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான். நான் அவனிடம் கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது, வரிசையாக. அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும். வரும் வழியில் உன்னிடமும் விமானத்துக்காரர்களிடமும் பேசி அதை வீணாக்க வேண்டாம் என்று எத்திராஜிடம் சொல்.

அண்ணன்
ஏகநாதன்